வால்நட்சத்திரத்துக்கு இரண்டு சாட்சி

"அதோ… அதோ பாருடி சித்ரா! வெள்ளையா, நீளமா… வந்திருச்சுடி!"

நாஸியா துள்ளியே விட்டாள். சூரியன் இறங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஏரிக்கரை மேட்டில் நின்றபடி மேற்கே விரலை நீட்டினாள். சிவந்த வானத்தில் மெல்லிசாய் ஒரு வெள்ளிக் கோடு… லேசாய் வளைந்து… அடடா, என்ன அழகு!

"அது பிளேன் புகைங்க."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். அவசரமே இல்லாத குரல்.

நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. ஆறு மாதமாக அவள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. அதைப் போய் இவன்… யார் இவன்?

விஷயம் இதுதான். நாஸியாவின் அத்தா அப்துல் கரீம் ஆட்டையாம்பட்டிக் கடைவீதியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருப்பவர். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் 'பிறை பாய்'. இருபத்திரண்டு வருடமாக, அரபி மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் இந்தக் கரையில் ஏறி நின்று பிறை பார்த்துச் சொல்பவர் அவர்தான். கூடவே நாஸியாவும் வருவாள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவளுக்குத் தன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன ரம்ஜானின் இருபத்தொன்பதாம் நாள், "அத்தா, பிறை!" என்று கத்தியது அவள்தான். அன்று பிறை தெரிந்தால் நோன்பு முடிந்து மறுநாள் பெருநாள். அத்தா ஓட்டமும் நடையுமாகப் பள்ளிவாசலுக்குப் போய், "பார்த்தோம்" என்று சபையில் சொன்னார். கேட்டதும் தெருவே அதிர்ந்தது. பெண்கள் மருதாணியைக் கரைத்துவிட்டார்கள், கறிக்கடையில் கூட்டம் நெரிந்தது. அப்போது வெளியூர்ப் பையன் ஒருவன் சபையில் எழுந்து, "அது பிளேன் புகைங்க… போட்டோ எடுத்திருக்கனுங்க" என்று செல்போனை நீட்டினானாம். அவ்வளவுதான். நாளைக்கும் நோன்பு என்று ஆகிவிட்டது. "பாய், அடுத்த பெருநாளைக்கு ஏர்போர்ட்டுல போய் நில்லுங்க!" என்று யாரோ சிரித்தார்கள். அன்றோடு சரி. அத்தா இந்தக் கரையில் ஏறவே இல்லை.

எல்லாம் என்னால்தானே… என்று ஆறு மாதமாக நாஸியா தனக்குள்ளேயே குமைந்துகொண்டிருந்தாள். எண்பதாயிரம் வருடத்துக்கு ஒரு முறை வருகிற வால்நட்சத்திரம் ஒன்று அந்தி வானத்தில் தெரியப்போகிறது என்று செய்தி வந்ததும் அவளுக்கு ஒரே எண்ணம்தான். முதலில் நாம் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அத்தாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்ட வேண்டும். அவர் மறுபடியும் இந்த மேட்டில் நின்று தலை நிமிர வேண்டும். அதற்காகத்தான் ஆஸ்பத்திரித் தோழி சித்ராவை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வந்த இடத்தில் இப்படி!

மெதுவாகத் திரும்பினாள். உயரமாய், ஒல்லியாய் ஒருவன். சட்டையில் கிரீஸ் கறை. கழுத்தில் பழைய பைனாகுலர். கண்கள் மட்டும்… பால் குறைத்துப் போட்ட டீயின் நிறத்தில், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள்.

"உங்களுக்கு எந்த ஊரு?" என்றாள்.

"திருச்செங்கோடுங்க. போர் போடற ரிக்கு வண்டிக்கு கம்ப்ரஸர் மெக்கானிக்குங்க. பேரு ஃபைஸான். இங்க எங்க அக்கா ஊடு இருக்குதுங்க…"

"போன ரம்ஜானுக்கும் அக்கா ஊட்டுக்கு வந்திருந்தீங்களோ?"

"ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாஸியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். இப்போது மிளகாய்ப்பழமாய்ச் சிவந்தது.

"வானத்துல எது போனாலும் அது பிளேன்தான்னு சொல்றதுக்குன்னே பஸ் ஏறி வர்றீங்களா?"

"இல்லீங்க… பைக்குலதான் வந்தனுங்க."

சித்ரா களுக்கென்று சிரித்துவிட்டாள். துரோகி!

"வாடி, போலாம்."

"ஏய், வால்நட்சத்திரம் இன்னும் வரலையேடி…"

"இவரு நிக்கிற எடத்துல எனக்கு எதையும் பாக்க வேண்டாம்!"

துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு விறுவிறுவென்று கரை இறங்கினாள். பாதி இறங்கியிருப்பாள்… மேலிருந்து அதே குரல். இந்த முறை அதில் நிதானம் இல்லை, நடுக்கம் இருந்தது.

"ஏனுங்க… ஏனுங்க! வந்துருச்சுங்க! கோவத்தை நாளைக்குக்கூட வச்சுக்கலாமுங்க… இது நாளைக்கு இருக்குமான்னு தெரியாதுங்க!"

திரும்பிப் பார்க்கவில்லை. கால் நின்றது, கழுத்து திரும்பத் துடித்தது… ஆனாலும் திரும்பவில்லை. ரோஷம் யாரை விட்டது! ஸ்கூட்டியருகே புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து மேற்கு தெரியாது.

கால் மணி நேரம் கழித்துச் சித்ரா இறங்கி வந்தாள். ஓயாமல் பேசுகிறவள், வாயே திறக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எப்படிடி இருந்துச்சு?" மனசு கேட்காமல் நாஸியா கேட்டுவிட்டாள்.

"சொல்லத் தெரியலடி… யாரோ ரொம்பப் பெரிய மனுஷர் சத்தமில்லாம நம்மளக் கடந்து போற மாதிரி… எந்திரிச்சு நின்னுடணும்னு தோணுச்சு. நான் ஏற்கெனவே நின்னுட்டுத்தான் இருந்தேன்."

*

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த நாளும் மழை. அதற்கடுத்த நாளும். வானம் இருந்த இடமே தெரியவில்லை. 'போச்சு… ரோஷத்துல கோட்டை விட்டாச்சு' என்று ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள் நாஸியா.

தினமும் நூறு கண்களைப் பார்க்கிறவள் அவள். ஒன்றும் மனதில் தங்காது. ஆனால் அந்த டீ நிறக் கண்கள்… சே! அவனை நினைக்கக் கூடாது என்று நினைப்பதற்காகவே அவனை எத்தனை முறை நினைப்பது?

நாலாம் நாள். "அடுத்தது யாரு, வாங்க" என்று சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தியவள் அப்படியே உறைந்தாள்.

மழையில் நனைந்த சட்டையோடு, கையில் ஓ.பி. சீட்டோடு, ஃபைஸான்.

'ஆஸ்பத்திரியில் சண்டை போடக் கூடாது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "உக்காருங்க. இடது கண்ணை மூடுங்க. படிங்க" என்று எழுத்துப் பலகையைக் காட்டினாள்.

முதல் வரி படித்தான். நடு வரி படித்தான். கடைசிப் பொடி வரியும் படித்தான். அதோடு நிற்காமல், பலகையின் அடியில் எறும்பு மாதிரி இருந்த அச்சகத்தின் பெயரையும், அதன் போன் நம்பரையும் கடகடவென்று ஒப்பித்தான்.

"உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்க வந்தனுங்க. சீட்டு போட்டாத்தான் உள்ள விடுவோம்னாங்க. போட்டுட்டனுங்க."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

அவன் குரல் தணிந்தது. "நீங்க கரீம் பாய் பொண்ணுன்னு உங்க சினேகிதிதான் சொன்னாங்க. அன்னிக்கு நான் பாத்தது நிஜமுங்க. ஆனா அதைச் சபையில எந்திரிச்சுச் சொன்னது தப்புங்க. அவரைத் தனியாக் கூப்பிட்டு, 'பாய், இதைப் பாருங்க'ன்னு காட்டியிருக்கலாம். அவரே எந்திரிச்சு 'தப்பாப் பாத்துட்டோம்'னு சொல்லியிருப்பாரு. யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. எனக்கு அந்த நேரத்துல புத்தி வரலீங்க."

நாஸியா அவனுடைய சீட்டை வாங்கி மேசையில் வைத்தாள்.

"மூணு வருஷம் ரிக்கு வண்டியோட ராஜஸ்தான்ல கெடந்தனுங்க. சுத்தி வெறுங்காடு. வேலை முடிஞ்சா வானம் ஒண்ணுதான் பேச்சுத்துணை. அதுனால இதெல்லாம் கொஞ்சம் தெரியுமுங்க." சற்றுத் தயங்கினான். "பெருநாளுக்கு அப்புறம், அடுத்த இருபத்தொன்பதாம் நாள் கரைக்கு வந்து பாத்தேன். உங்க அத்தாவைக் காணோம். அதுக்கு அடுத்த மாசமும் காணோம். அந்த எடம் காலியாக் கெடக்கறது நெஞ்சை அறுத்துச்சுங்க. அதுனால மாசாமாசம் நானே வந்து நின்னு பாத்துட்டு, பள்ளிவாசல்ல சொல்லிட்டுப் போறனுங்க. அவரு திரும்பி வர்ற வரைக்கும்."

திருச்செங்கோட்டிலிருந்து… மாதா மாதம்… வேலையை விட்டுவிட்டு… எங்கள் அத்தாவுக்காகவா?

நாஸியாவின் நெஞ்சில் ஏதோ ஒன்று சட்டென்று இளகியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஜாதியா அவள்? "மன்னிப்பை எங்கிட்டக் கேட்டு என்ன பிரயோஜனம்? கேக்க வேண்டியவர் கிட்டக் கேளுங்க" என்றாள்.

"கேக்கறனுங்க. கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை மழை விடுமுன்னு சொல்றாங்க. வால்நட்சத்திரம் மங்கிட்டே போவுது. இதை விட்டா நமக்கு இல்லீங்க…"

'நமக்கு' என்ற அந்த வார்த்தையை, அவன் போன பிறகும் ரொம்ப நேரம் அவள் காதுக்குள் வைத்திருந்தாள்.

*

அன்று மாலை கடையில் அத்தா சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது.

"அத்தா… அந்தத் திருச்செங்கோட்டுக்காரர் இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைக்கு வர்றீங்களா?"

அத்தாவின் கை நின்றது. "அந்தப் பேச்சு வேண்டாம் தாயி. இந்தா, இந்தக் கறுப்புச் சட்டையை மேல் தட்டுல வை."

வாங்கினாள். கறுப்பு இல்லை. கருநீலம்.

போன வாரமும் இப்படித்தான் ஒருவர் நிறம் மாறிப்போச்சென்று சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். வயசாகிறது, மறதி என்று நினைத்தாளே… யா அல்லாஹ்! செல்போன் விளக்கை அடித்து அத்தாவின் முகத்தை நிமிர்த்தினாள். பாவைக்குள் பால் சிந்தினாற்போல் வெள்ளை. இரண்டு கண்ணிலும்.

"அத்தா! புரை இவ்வளவு முத்திருக்கு… எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் அத்தா சொல்லல? ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கிறவ உங்க வீட்லயே இருக்கேனே!"

"கண்ணு மங்கிருச்சுன்னு சொன்னா, பிறை பாக்கிற எடத்தை யாராச்சும் எடுத்துக்குவாங்களேன்னு…" அத்தா ஸ்டூலில் உட்கார்ந்தார். "அன்னிக்கு எனக்கு வானத்துல ஒண்ணுமே தெரியல தாயி. நீ கையை நீட்டின. நான் உன் கையைத்தான் பாத்தேன். நேராப் போய், 'நானும் பாத்தேன்'னு சபையில சாட்சி சொல்லிட்டேன். பாக்காததைப் பாத்ததாச் சொல்லிட்டேன்மா. பெருநாள் பிறை… ஊர் நோன்பு பூரா என் ஒரு வார்த்தையில முறிஞ்சிருக்கும். அந்தப் புள்ள எந்திரிச்சுத் தடுத்துச்சு. இல்லேன்னா நான் எந்த முகத்தோட தொழுவேன்?"

"அப்ப நீங்க கரைக்குப் போகாதது… அவர் மேல கோவத்துல இல்லியா?"

"அவன் மேல எனக்கென்ன கோவம்? என் மேலதான் எனக்கு வெக்கம்."

நாஸியா அத்தாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தான் தப்பாகப் பார்த்ததுதான் அவரை வீழ்த்தியது என்று ஆறு மாதம் அழுதவள், பக்கத்திலேயே மங்கிக்கொண்டிருந்த அவர் கண்ணைப் பார்க்காமல் விட்டதற்காக இப்போது அழுதாள்.

அத்தா அவள் தலையைத் தடவினார். "ஆபரேஷன் பண்ணிக்கறேன் தாயி. அழாதே. ஞாயித்துக்கிழமை போவோம். அந்தப் புள்ளையை நான் பாக்கணும்."

*

ஞாயிற்றுக்கிழமை வானத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாற்போல் இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஏரி நிரம்பித் தளும்பியது. அந்தி நேரத்து மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு, நாஸியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தா கரை ஏறினார். ஆறு மாதத்துக்குப் பிறகு.

ஃபைஸான் ஓடி வந்து ஸலாம் சொன்னான். "பாய், என்னை மன்னிச்சு…" என்று ஆரம்பித்தவனை முடிக்க விடாமல் அத்தா இழுத்து அணைத்துக்கொண்டார். "நீ என்னைக் காப்பாத்தினே தம்பி. நான்தான் உன்னைத் தேடி வந்திருக்கணும்" என்றார். டீ நிறக் கண்களில் தண்ணீர் கோத்தது. நாஸியா பார்க்காத மாதிரி ஏரியைப் பார்த்தாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஊர் விளக்குகள் முதுகுப் பக்கம் நின்றுவிட்டன. முன்னால் நீர், அதற்குமேல் வானம், தவளைச் சத்தம்.

"இடப்பக்கம் கீழ பளபளன்னு இருக்குதுங்களே, அது வெள்ளிங்க. அதைப் புடிச்சுக்குங்க… அங்கிருந்து வலப்பக்கமா, மேல ஏறுங்க… இன்னும் மேல…"

"ஒண்ணும் தெரியலையே…"

"நேராப் பாக்காதீங்க. மங்கலானதை நேராப் பாத்தா ஒளிஞ்சுக்கும். ஓரக்கண்ணால பாருங்க, தெரியும்."

"அது எனக்கும் தெரியும். கண்ணு படிச்சவ நான்" என்றாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். முதலில் தெரிந்தது அவன்தான்… சீ! பார்வையை மேலே கொண்டுபோனாள்.

அப்போது வந்தது.

வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அது அங்கேயேதான் இருந்தது. சின்னதாய் மங்கலாய் ஒரு புள்ளி. அதிலிருந்து மேல்நோக்கி, லேசாய் இடப்பக்கம் சாய்ந்து… நீண்டு… இன்னும் நீண்டு… எங்கே முடிகிறதென்றே தெரியாமல் இருட்டில் கரைந்து போகிற வெளிச்சம். பார்க்கப் பார்க்க வளர்ந்தது. அசையவில்லை, மின்னவில்லை. ஆனாலும் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்பது எப்படியோ தெரிந்தது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசியாக இது வந்தபோது இந்த ஏரி இருந்திருக்காது. ஆட்டையாம்பட்டி இருந்திருக்காது. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள மனிதர்களுக்குப் பெயராவது இருந்ததோ என்னவோ! அப்போதும் யாரோ ஒருத்தி எங்கோ ஒரு மேட்டில் நின்று, இப்படித்தான் வாயடைத்து நிமிர்ந்திருப்பாள். இனி அடுத்த முறை வரும்போது… அவளால் அதை நினைத்து முடிக்க முடியவில்லை. எவ்வளவு சின்னவள் நான். இந்த ஒரு நொடியில் எனக்கு இதைப் பார்க்கக் கிடைத்ததே!

"சுப்ஹானல்லாஹ்…" என்றாள். கண்ணீர் தானாக வழிந்தது. பக்கத்தில் அவனும் அதையே முணுமுணுத்தது கேட்டது.

"அத்தா… தெரியுதா?"

அத்தா ரொம்ப நேரம் நிமிர்ந்து பார்த்தார். ஃபைஸான் பைனாகுலரைக் கொடுத்து, தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினான். அதிலும் பார்த்தார். பிறகு மெதுவாய் இறக்கினார்.

"தெரியலம்மா."

நாஸியாவுக்கு உயிரே போனாற்போல் ஆனது. இதற்காகவா கூட்டி வந்தோம்? ஆபரேஷன் முடிந்து கண் திரும்புவதற்குள் இது போய்விடுமே…

ஆனால் அத்தா சிரித்தார். பழைய பிறை பாயின் சிரிப்பு. "அதுக்கென்ன? பாக்காதவங்களுக்குத்தானே சாட்சி இருக்கு. பெருநாள் பிறைக்கு ரெண்டு சாட்சி வேணும். ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிக்கணும். ஒருத்தர் சொல்றது அடுத்தவர் காதுல விழக் கூடாது. தம்பி, நீ அந்தப் பனைமரத்துக்கிட்டப் போய் நில்லு. நாஸியா, நீ வா. என்ன பாத்தே? எவ்வளவு ஒசரத்துல? வால் எந்தப் பக்கம்?"

அவள் அத்தாவின் காதில் சொன்னாள். எதையும் கூட்டாமல், குறைக்காமல், பார்த்ததை மட்டும் சொன்னாள். பிறகு அவளை விலக்கி நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டார். அவன் குனிந்து அவர் காதில் ஏதேதோ சொன்னான். அத்தா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு இருவரையும் பக்கத்தில் வரச்சொன்னார்.

"வெள்ளிக்கு வலது மேல, வால் மேல்நோக்கி, இடப்பக்கம் சாஞ்சு. ஒத்துப்போச்சு." மங்கிய கண்களை அவர்கள் சொன்ன அதே இடத்துக்கு நேராக உயர்த்தினார். குரல் கணீரென்று வந்தது. "நான் பாக்கல. ஆனா ரெண்டு சாட்சி சொல்லியாச்சு. அது அங்க இருக்கு. அல்ஹம்துலில்லாஹ்!"

'நான் பாக்கல' என்று அத்தா வாய்நிறையச் சொன்னதைக் கேட்டு நாஸியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆறு மாதமாக அவர் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கி ஏரியில் விழுந்தாற்போல் இருந்தது.

"பாய்…" ஃபைஸான் தொண்டையைச் செருமினான். "இன்னொரு சாட்சியும் சொல்லணுமுங்க."

"சொல்லு தம்பி."

"நாலு நாளா… இல்லீங்க, அன்னிக்கு இந்தக் கரையில அவங்க மூக்கு சிவக்கச் சண்டை போட்டதுல இருந்து… எனக்கு வானத்தைப் பாத்தாலும் அவங்கதான் தெரியறாங்க. உங்க பொண்ணை எனக்குப் புடிச்சிருக்குதுங்க. எங்க ஊட்டுல பேசி, முறையா வந்து கேக்கறனுங்க. இதைத் தனியாச் சொல்றதா, சபையில சொல்றதான்னு தெரியல. அதான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணாச் சொல்லிட்டனுங்க."

தவளைகள்கூட நிறுத்திவிட்டனவோ என்னவோ… நாஸியாவுக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும்தான் கேட்டது.

அத்தா தாடியைத் தடவினார். "ஒரு சாட்சி போதாதே தம்பி. ஒத்தைச் சாட்சியை வச்சு நான் எப்படிப் பெருநாள் சொல்றது?" மெல்ல மகள் பக்கம் திரும்பினார். "ரெண்டாவது சாட்சி யாராச்சும் உண்டா?"

நாஸியா தலை குனிந்தாள். துப்பட்டாவின் நுனி விரலில் நான்கு சுற்றுச் சுற்றியது. பிறகு நிமிர்ந்து, ஓரக்கண்ணால் இல்லாமல், நேராகவே அவனைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன், அத்தா."